அண்ணனூரில் உட்கார்ந்து ஜெர்மனியிலிருந்து பேசுவது எப்படி

இந்த ஆண்டும் அழைப்பு வந்துவிட்டது.

பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரி, நீர்நிலைகளைப் பற்றி ஆண்டுதோறும் பன்னாட்டு மாநாடு நடத்துகிறது. அரங்கத்துக்கும் வரலாம், இருந்த இடத்தில் இருந்தபடி கணினி வழியாகவும் பேசலாம் என்கிற வகை. ஹைபிரிட் என்கிறார்கள். சென்ற ஆண்டு நானும் அதில் பேசினேன். 'தங்கள் மேலான வருகையை இவ்வாண்டும் எதிர்நோக்குகிறோம்' என்று எழுதியிருக்கிறார்கள். வருகையாம். படித்ததும் சிரித்தேன்.

நான் ஜெர்மனியின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் கணவரோடும் மகள் இனியாவோடும் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது அண்ணனூரில், மின்சார ரயில் பணிமனைக்குப் பின்னால். ஏரிச் சேற்றை அள்ளி, அதில் என்னென்ன உலோகம் படிந்திருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். ஊரில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் பலர், இந்த மாதிரி மாநாடுகளில் எப்படிக் கலந்துகொள்வது, எதைத் தயாராக வைத்துக்கொள்வது என்று கேட்டு எழுதுகிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலோசனையும் இருக்கும், புலம்பலும் இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1

நேரில் வருவதா, கணினியில் வருவதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம் என்று அழைப்பில் போட்டிருக்கும். நம்பாதீர்கள்.

சென்ற ஆண்டு நவம்பரில் அண்ணனூருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை. எல்லாரிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால் பெட்டியில் என் சான்றிதழ்கள் முழுவதும் இருந்தன. தற்காலிக ஒப்பந்தத்தில் ஒருவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் பல்கலைக்கழகம் வைத்திருக்கக் கூடாது என்று ஜெர்மனியில் ஒரு சட்டம் உண்டு. வேலை செய்பவரைக் காப்பாற்றுவதற்காகக் கொண்டு வந்தார்களாம். அது என்னைக் காப்பாற்றியதில், குளிர்காலம் முடிந்ததும் எனக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஷமீமா போனில் ஒரு வார்த்தை சொன்னாள். ஷமீமா என்னோடு முதுகலை படித்தவள், பூந்தமல்லிக்காரி, நான் சொன்ன அந்தக் கல்லூரியில் ஆசிரியை. மாநாட்டை நடத்துகிற பொறுப்பும் அவள் தலையில்தான்.

"எங்க எச்.ஓ.டி. ரிட்டயர் ஆறாரு வசு. ஆள் தேடிகினு கீறாங்க. நீ வந்துட்டீன்னா நாம ரெண்டு பேரும் பழையபடி ஒரே மேஜைல ஒக்காந்து சாப்புடலாம்."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினேன். ஊருக்கே திரும்பிவிடுவது, அந்தத் துறைத்தலைவர் வேலையை வாங்கிவிடுவது என்று முடிவு. வீட்டில் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. கணவர் மட்டும் புரிந்துகொண்டு, "முதல்ல கிடைக்குதான்னு பாரு" என்றார்.

மாநாட்டு அழைப்பு எனக்கு ஜெர்மனியில் இருக்கும்போதே வந்திருந்தது. அம்மா வீடு திரும்பி, வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் ஷமீமாவைக் கூப்பிட்டேன். கணினியெல்லாம் எதற்கு, நானே நேரில் வந்து பேசுகிறேன், ஆவடியில் ஷேர் ஆட்டோ பிடித்தால் குமணன்சாவடி, அங்கிருந்து உங்கள் கல்லூரிப் பேருந்து என்றேன். எனக்கு ஒரே உற்சாகம். கரெஸ்பாண்டன்ட் என்று அவர்கள் சொல்லும் தாளாளர் என்னை மேடையில் பார்ப்பார், பேச்சைக் கேட்பார், மற்றது தானாக நடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அந்தப் பக்கம் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நேர்ல வராத வசு," என்றாள்.

"ஏன்டி?"

"இன்டர்நேஷனல்னு சொல்றதுக்கு ஃபாரின் ஸ்பீக்கருங்க வேணும். மலேசியாக்காரரு வரேன் வரேன்னு சொல்லிட்டு கழண்டுகினாரு. கரெஸ்பாண்டன்ட் பாக்கறப்பல்லாம் 'ஜெர்மனி மேடம் கன்ஃபார்ம்தானே'ன்றாரு. பேனர்ல உன் படத்துக்குக் கீழ கொடி போட்டாச்சு. நீ ஷேர் ஆட்டோல வந்து எறங்குனா அந்தக் கொடிய நான் இன்னா பண்றது?"

"நான் ஜெர்மனில வேலை பாக்கறவதானே? எங்க ஒக்காந்து பேசுனா இன்னா?"

"அது உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். காலேஜுக்கு கிரேடு போட இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்கு ஃபோட்டோதான் காட்டணும். ஸ்க்ரீன்ல நீ தெரிஞ்சா ஃபாரின். மேடைல ஒக்காந்தா எங்க ஸ்டாஃப் மாதிரிதானே இருப்ப?"

அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அவளுக்குப் பதவி உயர்வு பல வருடங்களாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மாநாடு சொதப்பினால் அது இன்னும் தள்ளும். கூடவே, "நீ நல்லா பண்ணிட்டா உன் வேல விஷயத்த அன்னிக்கே கரெஸ்பாண்டன்ட் காதுல போட்டுடறேன்" என்றாள். நான் சரி என்றேன்.

ஆகவே பிள்ளைகளே, சொந்த ஊரில் உங்களுக்கு மரியாதை வேண்டுமென்றால் அங்கே போய் நின்றுவிடாதீர்கள்.

2

அடுத்தது பின்னணி.

வெள்ளைச் சுவர் போதாதா என்று கேட்டேன். அண்ணனூர்ச் சுவரில் பல்லி ஓடும் என்றாள் ஷமீமா. செயலியில் இருக்கும் கடற்கரைப் படமும் வேண்டாம், நூலகப் படமும் வேண்டாம், அதையெல்லாம் எல்லாரும் போடுகிறார்கள், நிஜமான வெளிநாட்டு வீடு தெரிய வேண்டும் என்றாள். எனக்குத்தான் நிஜமான வெளிநாட்டு வீடு ஒன்று இருக்கிறதே. இனியாவைக் கூப்பிட்டு, வரவேற்பறையை ஒரு படம் எடுத்து அனுப்பு, ஜன்னலும் புத்தக அலமாரியும் தெரிய வேண்டும் என்றேன்.

இனியா இப்போது பத்தாம் வகுப்பு. நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இது பழகிப்போனது. சிறு வயதில் ஒரு வாக்கியத்தில் பாதியாவது தமிழ் இருக்கும். அப்புறம் அது 'அம்மா' என்ற கூப்பிடலோடு நின்றுவிட்டது. அந்த ஒன்றும் இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

படம் வந்தது. அழகாகத்தான் எடுத்திருந்தாள். சோபா, அலமாரி, ஜன்னல் வழியாக நல்ல வெயில். ஜன்னலோரத்தில் என் மேஜை இருக்கும். வந்த புதிதில் யாரோ தெருவில் தூக்கிப் போட்டதை நானும் கணவரும் சுமந்து வந்து, தேய்த்து, வண்ணம் அடித்து வைத்தது. என் ஆய்வுக் கட்டுரைகள் அத்தனையும் அதில் எழுதியவைதான். படத்தில் அந்த இடத்தில் ஒரு கீபோர்டு இருந்தது. இசை வாசிக்கிற கீபோர்டு. புதிது.

உடனே கூப்பிட்டேன்.

"என் மேஜை எங்க இனியா?"

கீழே நிலவறையில் இருக்கிறது, அப்பாவும் நானுமாக இறக்கி வைத்தோம் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"என்னைக் கேக்காமலா?"

"நீ சான்றிதழை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாயே அம்மா," என்றாள், ஜெர்மனில். "திரும்பி வரப் போவதில்லை என்று நினைத்தோம்."

கோபம் இல்லை, அழுகை இல்லை. பேருந்து வராது என்று தெரிந்து நடக்கத் தொடங்குகிறவர்களைப் போல அவர்கள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். நான்தான் அண்ணனூரில் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜைக் கால்கள் தரையில் பதித்திருந்த தடம்கூடத் தெரிந்தது.

பின்னணிப் படம் நல்ல தெளிவாக இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை. ரொம்பத் தெளிவாகவும் இருக்க வேண்டாம்.

3

என்ன பேசுவது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை வேண்டும் என்ற வெறியில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஒரு ஏரி இருக்கிறது. அப்பா ஆவடித் தொழிற்சாலை வேலைக்கு சைக்கிளில் போன வழி அதன் கரையில்தான். அந்த ஏரியில் இறங்கி, அம்மாவின் பழைய குழம்புக் கரண்டியால் சேறு அள்ளி, எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்து ஷமீமாவிடம் கொடுத்தேன். அவள் தன் ஆய்வகத்தில் சோதித்துக் கொடுத்தாள். முடிவுகள் நன்றாக இல்லை. அதாவது, ஏரிக்கு நல்லதில்லை, கட்டுரைக்கு நல்லது. ஈயம் இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. இதைச் சுற்றித்தான் என் பேச்சைத் தயாரித்தேன். எங்கள் ஊர் ஏரியைப் பற்றி எங்கள் ஊர்க் கல்லூரியில் பேசப் போகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

தாளாளர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. உள்ளூர் ஏரிகளைப் பற்றிப் பேச உள்ளூர் ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். மேடம் ஜெர்மனி ஏரியைப் பற்றிப் பேசினால் மாணவர்களுக்கு ஊக்கமாக இருக்கும். ஷமீமா போன் செய்து, "அவரு அப்படித்தான், கண்டுக்காத" என்றாள். பழைய ஜெர்மன் ஏரிப் படங்களை எடுத்து ஒட்டி, புதிதாக ஒரு பேச்சைத் தயாரித்தேன். ஆனால் எங்கள் ஏரியின் அளவுகள் இருந்த ஒரே ஒரு படத்தை மட்டும் நீக்க மனம் வரவில்லை. ஊர்ப்பெயரை அழித்துவிட்டு, 'என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏரி' என்று எழுதிக் கடைசியில் சேர்த்தேன். அது பொய்யில்லை.

4

ஒத்திகை என்று ஒன்று வைப்பார்கள். தவறாமல் கலந்துகொள்ளுங்கள். என் ஒத்திகையில் கல்லூரியின் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த முருகேசன் என்பவர் என் குரலைக் கேட்டுவிட்டு, "மேடம், ஆடியோ செம்ம கிளியரா கீது. இன்னா இருந்தாலும் ஜெர்மனி நெட்டு ஜெர்மனி நெட்டுதான்" என்றார். அது பக்கத்துத் தெரு கேபிள்காரரின் இணைப்பு. அவரை நான் திருத்தவில்லை.

மாநாட்டன்று ஷமீமா ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னாள். டிசம்பர்தான் என்றாலும் மின்விசிறி சத்தம் கேட்கும் என்று நிறுத்தியிருந்தேன். மேலே ஸ்வெட்டர், கீழே நைட்டி. பேச்சு தொடங்குவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இன்னாடி இது? வேத்து ஊத்துது, ஸ்வெட்டர மாட்டிகினு ஒக்காந்துகினு கீற?"

"ஜெர்மனில குளிரும்மா."

"நீ நம்ம ஊட்லதானே கீற?"

"அவங்களுக்குத் தெரியாதும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "நம்ம ஊட்ல கீறேன்னு சொல்றதுக்கு இன்னாடி வெக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பேச்சு தொடங்கியது. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் தாளாளர், பட்டுச் சட்டையில். பக்கத்தில் ஷமீமா, முந்தானையைத் திருகிக்கொண்டு. நான் ஜெர்மன் ஏரியில் ஆழ்ந்திருந்தபோது எங்கள் தெருவில் காயலான்கடை வண்டி நுழைந்தது. பழைய இரும்பு, பழைய பேப்பர், ஈயம், பித்தளை என்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல். மைக்கை மூடும் பொத்தானைத் தேடுவதற்குள் அது அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. செத்தோம் என்று நினைத்தேன். தாளாளர் திரும்பி, "யாருப்பா அது, கேட்டாண்ட போய் அந்த வண்டிய அனுப்புங்க. ஃபாரின் மேடம் பேசினு இருக்கறப்ப இன்னா சத்தம்" என்றார். இரண்டு பேர் வெளியே ஓடினார்கள். இல்லாத வண்டியை அங்கே அவர்கள் தேடிக்கொண்டிருக்க, எங்கள் தெரு வண்டி தானாகவே அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அரங்கம் அமைதியானது. "நன்றி, தொடருங்கள் மேடம்" என்றார்.

மைக்கை எப்போதும் மூடியே வைத்திருங்கள் என்பது பொது விதி. திறந்திருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்களோ அதுதான் அவர்களுக்குக் கேட்கும்.

இதற்கு இன்னும் நல்ல அத்தாட்சி கடைசிப் படத்தில் கிடைத்தது. 'இது என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏரி. நானே இறங்கி எடுத்த சேறு' என்று சொல்லி அளவுகளைக் காட்டினேன். ஈய அளவைப் பார்த்ததும் அரங்கில் முணுமுணுப்பு. யாராவது எந்த ஏரி என்று கேளுங்கள், ஒரே ஒருவர் கேளுங்கள், கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்று இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வேலைகூட மறந்துவிட்டது.

தாளாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா? ஜெர்மனிலயே ஏரிங்க இந்த லட்சணத்துல இருக்கு. அதோட கம்பேர் பண்ணா நம்ம ஏரியா ஏரிங்கல்லாம் எவ்வளவோ பரவால்ல. எதுக்கெடுத்தாலும் ஃபாரின் ஒஸ்தின்னு நெனைக்கக் கூடாது."

பெரிய கைதட்டல். அந்தத் தண்ணீர் வழிந்து போகும் ஊர்க்காரப் பிள்ளைகளே தட்டினார்கள். ஷமீமாவும் தட்டினாள். அந்தச் சேற்றைச் சோதித்தவளே அவள்தான். திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவள் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். நல்ல கேள்வி கேட்டாள். "மேடம், இப்போ உங்க ஊர்ல விடிஞ்சிருக்காதே, உங்க ஜன்னல்ல எப்படி வெயில் அடிக்குது?"

ஷமீமா முந்தானையைத் திருகுவதை நிறுத்தினாள். இனியா படத்தை மத்தியானம் எடுத்திருக்கிறாள். பூந்தமல்லியில் காலை பத்து மணி என்றால் ஜெர்மனியில் குளிர்கால இருட்டு என்பது நேரக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம். நான் அண்ணனூரில் இருக்கிறேன் அம்மா, நீ பார்த்தது நம் ஏரி என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஷமீமாவின் பதவி உயர்வும் என் துறைத்தலைவர் வேலையும் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டன. "அது வெறும் படம்மா, முன்னாடி எடுத்தது" என்றேன். அவள் "தேங்க் யூ மேடம்" என்று உட்கார்ந்தாள். அரங்கம் சிரித்தது.

நிறைவுரையில் தாளாளர், உங்களைப் போன்றவர்கள் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்து சேவை செய்ய வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அதற்கும் கைதட்டல். ஸ்வெட்டருக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பினேன். அவ்வளவு படித்தும் நம்பினேன்.

5

மாநாடு முடிந்ததும் அமைப்பாளர்களோடு தொடர்பில் இருங்கள். வாய்ப்புகள் அப்படித்தான் வரும் என்பார்கள்.

ஒரு வாரம் கழித்து ஷமீமா அண்ணனூருக்கே வந்தாள். அம்மாவுக்குப் பழம், எனக்கு அவள் வீட்டில் செய்த பிரியாணி. சாப்பிட்டு முடிக்கும்வரை பேச்சை எடுக்கவில்லை. அப்புறம் சொன்னாள்.

"கரெஸ்பாண்டன்ட்டாண்ட கேட்டேன் வசு. உன் பேச்ச ரொம்பப் புகழ்ந்தாரு. ஆனா…"

"ஆனா இன்னா? ஃபுல்லா சொல்லு."

"'அவங்க அங்க இருக்கற வரைக்கும் ஜெர்மனி மேடம். இங்க வந்து கையெழுத்துப் போட்டா அண்ணனூர் வசுமதி. அண்ணனூர்ல இருந்து ஏற்கெனவே நம்ம காலேஜுக்கு ஆளுங்க பஸ்ல வந்துகினுதான் கீறாங்க. அவங்கள அங்கயே வெச்சிக்கோங்க, வருஷா வருஷம் உதவும்'னாரு."

அம்மா உள்ளறையில் வாக்கரை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

"தாய்நாட்டுக்கு வாங்கன்னு கும்புட்டாரேடி," என்றேன்.

"அது எல்லா ஃபாரின் ஸ்பீக்கருக்கும் சொல்றதுடி," என்றாள் ஷமீமா.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். எனக்கான பொன்னாடையும் நினைவுப் பரிசும் அவள் மேஜையில்தான் இருந்தன. ஆனால் அவற்றைக் கையில் கொண்டு வர முடியாது. வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பியதற்குக் கூரியர் ரசீது கோப்பில் இருக்க வேண்டும். ஆகவே பூந்தமல்லியிலிருந்து புறப்பட்ட என் பொன்னாடை, அண்ணனூரில் இருந்த என்னை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் பறந்தது. இனியா பிரித்துப் பார்த்துப் படம் அனுப்பினாள். நல்ல சரிகை. கீபோர்டின் மேல் தூசி படாமல் இருக்கப் போர்த்தியிருந்தாள். சரியான அளவாம்.

6

நான் ஜனவரி கடைசியில் திரும்பி வந்தேன். வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அதில் குறையில்லை. மேஜையை மேலே கொண்டு வரலாமா என்று கணவர் கேட்டார். கீபோர்டை எங்கே வைப்பது என்று இனியா கேட்டாள். இருக்கட்டும் என்றேன். சமையலறை மேஜை எனக்குப் போதும் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தேன். அங்கே ஒரு விதி. பதிவு செய்தவர் பதிந்த முகவரியிலேயே இருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போவதென்றால் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். என்னைக் கவனிக்கும் அலுவலர், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், மிகவும் பண்பானவர். ஒவ்வொரு முறையும், "நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை, ஜெர்மனில் எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது, "அங்கே வந்த பிறகுதான் இந்தத் துறைக்கு வந்தேன்" என்றேன். எங்கே என்று கேட்டார். நான் ஜெர்மனியைச் சொல்லியிருக்கிறேன். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனியை அங்கே என்கிறேன். அண்ணனூரில் இருந்தபோதோ, அண்ணனூரை இங்கே என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது. எனக்கு 'இங்கே' என்று சொல்ல ஓர் இடம் இல்லாமல் போய்விட்டதை அந்த அம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து, வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தார்.

இப்போது ஒரு தனியார் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் அரை நாள் வேலை. புட்டிகளில் வரும் தண்ணீரைச் சோதித்து, பச்சை முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். எல்லாத் தண்ணீரும் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஏரியின் எவர்சில்வர் டப்பா ஒன்று மட்டும், காய்ந்துபோன சேற்றோடு, சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. கணவர் அதை வெந்தயம் என்று நினைத்து ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடி வைத்தார்.

7

கடைசி ஆலோசனை: ஒரு முறை ஒப்புக்கொண்டால் மறுமுறை மறுக்க முடியாது.

இந்த ஆண்டு அழைப்பில் துறைத்தலைவர் என்று கையெழுத்துப் போட்டிருப்பது ஷமீமா. சென்ற ஆண்டு மாநாடு நல்லபடியாக நடந்ததற்கு அவளுக்குக் கிடைத்த பதவி. நான் அவளைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லாமல் இருப்பதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவள் அதற்குத் தகுதியானவள். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஒத்திகை. இந்த முறை எந்த ஏமாற்றும் தேவையில்லை. நான் நிஜமாகவே ஜெர்மனியில் இருக்கிறேன். வெளியே நிஜமான இருட்டு, நிஜமான குளிர். ஸ்வெட்டரும் நிஜத்துக்குத்தான் போட்டிருந்தேன். சமையலறை மேஜையில் கணினியை வைத்து, பின்னணிப் படம் எதுவும் போடாமல், உள்ளது உள்ளபடி உட்கார்ந்தேன். ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த முள் போன மாதிரி இருந்தது.

ஷமீமா திரையில் வந்தாள். முகம் மலர்ந்தது. அப்புறம் கண்ணைச் சுருக்கி என் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"வசு, அது இன்னாடி பின்னாடி?"

திரும்பிப் பார்த்தேன். அடுப்பில் பிரஷர் குக்கர். சுவரில் அம்மா கொடுத்தனுப்பிய நாட்காட்டி, ஆவடி நகைக்கடையுடையது. அலமாரியில் வரிசையாக எவர்சில்வர் டப்பாக்கள்.

"என் கிச்சன்."

"அச்சு அசலா உங்கம்மா ஊடு மாதிரியே கீது. எவன்டி நம்புவான்? இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டிகினோம்னா என் கதி அவ்ளோதான்."

"நான் ஜெர்மனிலதான்டி கீறேன்! சத்தியமா!"

"எனுக்குத் தெரியாதா? ஃபோட்டோவுக்குத் தெரியணுமே," என்றாள் பொறுமையாக. "போன வருஷம் போட்டியே, அந்த ஜன்னல் படம், அது இருக்குதா? அதையே போட்டுடு. வெயில மட்டும் கொஞ்சம் கருப்பாக்கிக்கோ."

இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. முருகேசன் குறுக்கே வந்து, "மேடம், ஏதோ மியூசிக் வர்து, மைக்க மூடிக்கிறீங்களா?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம், அதே வரவேற்பறையில், பள்ளிக்குக் கிளம்பும் முன் இனியா வாசித்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே வாசிக்கிறாள். நான் மைக்கை மூடினேன். படத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன்.

குக்கர் மறைந்தது, நாட்காட்டி மறைந்தது, டப்பாக்கள் மறைந்தன. எனக்குப் பின்னால் சோபாவும் அலமாரியும் ஜன்னலும் வந்து நின்றன. ஜன்னலோரத்தில், என் மேஜை இருந்த இடத்தில், கீபோர்டு. என் வீட்டின் ஒரு அறையில் உட்கார்ந்து, நான் இல்லாத இன்னொரு அறையின் முன்னால் திரையைப் பார்த்துச் சிரித்தேன்.

"ஆங்," என்றாள் ஷமீமா நிம்மதியாக. "இப்பத்தான்டி நீ ஜெர்மனில இருக்கற மாதிரி கீது."